ஐந்து வாட் ஸ்தனிஸ்லாஸ்

செயற்பொறியாளர் (ஓய்வு) அ. ஸ்தனிஸ்லாஸ் காலமாகி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அதை முன்னிட்டு அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டதாக யாரும் சொல்ல முடியாது.

அரசாங்கம் அந்த ஏற்பாட்டுக்கு ‘நீடுவாழ்வு அணுக்கத் திட்டம்’ என்று பெயர் சூட்டியிருந்தது. ஜனங்கள் ‘தங்கல்’ என்றார்கள். ஆள் போவதற்குள் தலையில் ஒரு வலைத்தொப்பியை மாட்டிச் சில வாரம் படுக்கவைத்து, உள்ளே இருப்பதையெல்லாம் படியெடுத்துவிடுவார்கள். பணக்காரர்களின் தங்கல்கள் கடலோரத்துக் குளிர்க்கூடங்களில் ஓடின. செத்த பிறகும் அவர்களால் பங்குச் சந்தையில் நஷ்டப்பட முடிந்தது. நடுத்தர வர்க்கத்துக்கு வீட்டுத் தங்கல்தான். ஒரு சின்ன மடிக்கணினி, அதில் எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளம், அதற்குள் குடும்பத் தலைவர்.

ஸ்தனிஸ்லாஸ் திருச்சி கே.கே. நகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் இரண்டாம் மாடியில், திருஇருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, முன்பு டி.வி. இருந்த இடத்தில் தங்கியிருந்தார். மின்துறையில் முப்பது வருஷம். அதில் பாதி, எந்த ஊருக்கு எப்போது கரண்டை நிறுத்துவது என்று முடிவு செய்யும் பதவி. அப்படிப்பட்டவர் செத்ததும் சாதாரண ஆளாகிவிடுவாரா? முப்பதாம் நாள் பூசைக்குக் கணினியைக் கோயிலில் முன்வரிசையில் வைத்திருந்தார்கள். “உதவிச் செயற்பொறியாளராகப் பணியாற்றிய நம் சகோதரர்...” என்று ஃபாதர் அமலதாஸ் தொடங்கியதுமே முன்வரிசையிலிருந்து குரல் வந்தது.

“செயற்பொறியாளர், ஃபாதர். உதவி கிடையாது.”

பூசை முடிந்து வாசலில் ஃபாதர் சொன்னார்: “சகோதரர் மோட்சத்துக்கு முன்னாடி பாவத்துக்கு வேதனைப்பட்டுத் தீர்க்கற உத்தரிக்கிற ஸ்தலத்துல இருக்காரா, இந்தப் பெட்டிக்குள்ளே இருக்காரான்னு எனக்குச் சொல்லத் தெரியலை.” பிறகு, அவருடைய மனைவி பிலோமினாவைப் பார்த்து, “உத்தரிக்கிறது யாருன்னு மட்டும் தெரியுது” என்றார்.

பிலோமினா சிரிக்கவில்லை. கணினியை மடித்துப் பையில் வைக்க வேண்டியிருந்தது. “மடிக்காதே, மடிக்காதே, இன்னும் நாலு பேரைப் பார்க்கணும்” என்று அது சொல்லிக்கொண்டிருந்தது.

ஆனால் ஃபாதருக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. மகள் ஜெசிந்தாவுக்கும் அது தெரியாது.

சாயங்காலம் நாலு மணிக்கு, வருகிறவர் போகிறவர் இல்லாத நேரத்தில், ஸ்தனிஸ்லாஸ் கேட்டுக்கொண்டிருப்பார்.

உயிரோடு இருந்த காலத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. அப்போது பேப்பர் இருந்தது, ஸ்கூட்டர் இருந்தது, கிளப் இருந்தது. இப்போது எழுந்து போகக் கால் இல்லை. பிலோமினா காபியோடு எதிரே வந்து உட்காருவாள். மீன்காரி வஞ்சிரம் என்று சொல்லி மாவுலாவைத் தலையில் கட்டப் பார்த்தது, வலது முழங்காலில் புதிதாக ஒரு சத்தம், மொட்டைமாடிக் கொடிக்கயிற்றுத் தகராறு என்று ஒவ்வொன்றாகச் சொல்வாள். “அப்புறம்?” என்பார் அவர். அவ்வளவுதான். ஒருநாள், “அதுக்கு நீ என்ன சொன்னே?” என்றுகூடக் கேட்டார். அவள் என்ன சொன்னாள் என்று அந்த வீட்டில் யாரும் அதற்கு முன் விசாரித்ததில்லை. அன்று காபி ஆறி ஆடை கட்டிவிட்டது.

இதை யாரிடம் போய்ச் சொல்வது? செத்த பிறகு என் புருஷன் நான் பேசுவதைக் கேட்கிறார் என்றால், இருந்தபோது கேட்டதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். அவளுக்கு வெட்கமாக இருந்தது. பகல் முழுக்க அவர் பேசுவதைத் தாங்கிக்கொண்டாள், நாலு மணி வருமே என்று.

கோடை வந்ததும் மின்சாரம் குறைந்தது. குடியிருப்புச் சங்கச் செயலாளர் கோதண்டபாணி ஒரு காகிதத்தோடு வந்து வாசலில் நின்றார். நாற்பத்தெட்டு வீடுகள் கொண்ட ஒரு சங்கத்தை அவர் ஐக்கிய நாடுகள் சபை மாதிரி நடத்திவந்தார்.

“மேடம், அரசாணை. வீட்டுத் தங்கல்களுக்கு இனிமே அஞ்சு வாட்தான். மேலே ஓடினா சீல் வெச்சுடணும். நான் சொல்லலை, அரசாணை சொல்லுது. அதுமட்டும் இல்லை, ஒரு வீடு மீறினாலும் கட்டடத்துக்கே லிஃப்ட் கட். நாலாவது மாடி மாமி இப்பத்தான் இடுப்பு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு வந்திருக்காங்க. யோசிச்சுக்குங்க.”

“இவர் எவ்வளவு ஓடறாரு?”

கோதண்டபாணி ஒரு மீட்டரைச் சுவர்ப் பிளக்கில் செருகி, கணினியின் வயரை அதில் மாட்டினார். சர்க்கரை அளவு சொல்லும் டாக்டர் போல முகத்தை வைத்துக்கொண்டார். “பதினாலு.”

“யாரு, கோதண்டபாணியா?” என்றது கணினி. “எனக்குத் தெரியாம மின்துறையில ஒரு அரசாணையா? நம்பரைச் சொல்லுமய்யா.”

“சனிக்கிழமை வந்து பார்ப்பேன் மேடம்” என்று கோதண்டபாணி பிலோமினாவிடம் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஜெசிந்தா கரூரில் ஒரு ஜவுளிக் கம்பெனியின் கணினிகளைக் கட்டி மேய்ப்பவள். பஸ்ஸிலிருந்து இறங்கிய களைப்போடு அப்பாவுக்கு முன்னால் உட்கார்ந்து எதையோ தட்டினாள். எந்த வேலை எவ்வளவு மின்சாரம் தின்கிறது என்று ஒரு பட்டியல் திரையில் ஓடியது.

“உங்கப்பாவா இவ்வளவு சாப்பிடறாரு?” என்றாள் பிலோமினா.

“இதுல பாதி அப்பா இல்லைம்மா, அலங்காரம். இந்தப் படத்தைப் பாரு.” திரையின் பின்னணியில் ஸ்தனிஸ்லாஸ் சால்வையோடு நின்றார், சுற்றிலும் சீரியல் பல்பு ஓடியது. “இந்த பல்பு ஓடறதுக்கே தனியா ஒரு வேலை நடக்குது. வெளிச்சத்தை வேற முழுசா வெச்சிருக்காரு. அப்புறம் புளூடூத். அது ராத்திரி பகலா எதையோ தேடிக்கிட்டே இருக்கு.”

“எதை?”

ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள். “அப்பாவோட காது மெஷினை.”

காது மெஷின் அவர் காதிலேயே, கல்லறையில் இருந்தது.

“நிறுத்திடறேன்” என்றாள் ஜெசிந்தா.

பல்பு அணைந்தது. வெளிச்சம் இறங்கியது. காது மெஷினைத் தேடுவது நின்றது. யாரும் கேட்காமலே கோப்புகளை அடுக்கிக்கொண்டிருந்த ஒரு நிரல் நின்றது. கடைசியில் ஜன்னல்களும் பொத்தான்களும் கொண்ட முகப்பையே கழற்றிவிட்டாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து மட்டும் மிஞ்சியது.

“என்னம்மா பண்ணினே? இருட்டா இருக்கு.”

“டெஸ்க்டாப்பை எடுத்துட்டேன்ப்பா. அதுக்கு நிறைய கரண்ட் ஆகுது.”

“மேசையை எடுத்துட்டியா? ரிடயர் ஆன அன்னைக்குக்கூட சாயங்காலம் வரைக்கும் என் மேசையை எவனும் தொடலை, தெரியுமா?”

எட்டு வாட்டுக்கு வந்தது. அதற்குக் கீழே இறங்க மறுத்தது.

“இனிமே இருக்கறது அப்பாதான்” என்றாள் ஜெசிந்தா, கண்ணைக் கசக்கிக்கொண்டு. “வேலை இல்லாதப்போ கணினி தூங்கணும்மா. தூங்கினாத்தான் கரண்ட் மிச்சம். அப்பா தூங்கவிட மாட்டேங்கறாரு. நிமிஷத்துக்கு நூறு தடவை எழுப்பறாரு.”

“இருந்தப்பவும் அப்படித்தான்.”

“இதைப் பாரேன். ‘பதவிப்பெயர்க் கண்காணிப்பு’. யாராவது தப்பான பதவி சொல்லிக் கூப்பிடறாங்களான்னு மூணு செகண்டுக்கு ஒருதரம் எழுந்து பார்க்குது. ‘ஏற்புரை’. பணிநிறைவு விழாவுல பேசினாரே, அது. இன்னும் திருத்திக்கிட்டு இருக்காரு. விழாவுக்கு வராதவங்க பேரையெல்லாம் சேர்த்து.”

தங்கலின் ஒரு பகுதியை நிறுத்துவதற்குத் தங்கலின் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். நல்ல சட்டம். ஆனால் அதை எழுதிய குழுவில் தமிழறிஞர் ஒருவர் இருந்தார். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று ஆன்றோர் மொழிந்திருப்பதை அவர் எடுத்துக்காட்டியதால், கேள்வி கேட்டுச் சற்று நேரம் யாரும் மறுக்காவிட்டால் சம்மதமாகக் கொள்ளலாம் என்று ஒரு விதியும் நுழைந்திருந்தது.

ஜெசிந்தா ஒன்றைத் தட்டினாள். கணினி தனியே வேறொரு குரலில், வங்கி வாசலில் டோக்கன் எண் சொல்கிற பெண் குரலில், கேட்டது: “பதவிப்பெயர்க் கண்காணிப்பு. நிறுத்துவதில் ஆட்சேபம் உண்டா?”

“முடியாது!” என்று ஸ்தனிஸ்லாஸ் கத்தினார்.

“ஆட்சேபம் ஏற்கப்பட்டது.”

“ஏற்புரை. நிறுத்துவதில் ஆட்சேபம் உண்டா?”

“முடியாது! யாரைக் கேட்டு?”

‘நீதி கோரல்’ என்று ஒன்று இருந்தது. தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு அந்தோணிராஜ் என்ற ஜூனியருக்குப் போனதை அது இருபது வருஷமாக விசாரித்துக்கொண்டிருந்தது. அதற்கும் முடியாது.

“அப்பா, அப்புறம் சனிக்கிழமை சீல் வெச்சுடுவாங்கப்பா. ஏதாவது ஒண்ணை விடுங்க.”

“நீ நகரு. இது உன் வேலை இல்லை, என் வேலை.” குரலில் பழைய அலுவலகம் வந்துவிட்டது. “லோட் ஷெட்டிங்ங்கிறது ஒரு கலை ஜெசி. பெரிய லைனைத் தொடவே கூடாது. டவுன்ல கை வெச்சியோ, அஞ்சு நிமிஷத்துல மந்திரி வீட்டிலேர்ந்து போன். அதுக்குப் பதிலா கிராமத்துப் பக்கம் சின்னச் சின்ன லைனாப் பார்த்துப் பத்து நிறுத்து. கூட்டிப் பார்த்தா அதே கணக்கு. ஒரு பய போன் பண்ணமாட்டான்.”

“போன் பண்ணாதவனுக்குக் கரண்ட் வேண்டாமாப்பா?”

“வேணும்னா போன் பண்ணியிருப்பானே?”

இதற்கு ஜெசிந்தாவிடம் பதில் இருந்திருக்கும். ஆனால் காலையில் நாலரைக்கு எழுந்தவள். “சரி, உங்க இஷ்டம்” என்று பட்டியலின் அடிப்பக்கத்துக்குப் போனாள். அங்கே பொடிப்பொடியாக எத்தனையோ ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் அரை வாட்டில் ஒரு துளி.

“நன்றி. நிறுத்துவதில் ஆட்சேபம் உண்டா?”

ஸ்தனிஸ்லாஸ் பேசவில்லை. அப்படி ஒன்று தன்னிடம் இருப்பது அவருக்கே தெரியாது போலிருக்கிறது.

“நிறுத்தப்பட்டது. மனம் உறுத்தல்?”

மௌனம்.

“நிறுத்தப்பட்டது. விட்டுக்கொடுத்தல்?”

மௌனம்.

“நிறுத்தப்பட்டது. செவிமடுத்தல்?”

“இது என்னப்பா, மைக்கா?” என்றாள் ஜெசிந்தா.

“இருக்கும். பேசறது நானு. எனக்கெதுக்கு மைக்கு?”

பிலோமினா சமையலறை வாசலில் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். வாயைத் திறந்தாள். என்னவென்று சொல்வது? மகள் இருக்கிறாள். அவரும் இருக்கிறார். நாலு மணிக்கு எனக்கு அது வேண்டும் என்றால், எதுக்கு என்பார்கள். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். அவள் யோசித்து முடிப்பதற்குள் டோக்கன் குரல் முந்திக்கொண்டது.

“நிறுத்தப்பட்டது.”

காபியைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

சனிக்கிழமை கோதண்டபாணி வந்து மீட்டரைக் குனிந்து பார்த்தார். நாலு புள்ளி ஒன்பது. அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம். மீட்டரைச் சுவரோடு திருகிப் பொருத்தினார். ஐந்தைத் தாண்டினால் தானே துண்டித்துவிடும் என்றார். கணினியின் பேட்டரியும் சொந்தக்காரரைத் தொடர்ந்து ஆறே மாதத்தில் செத்துப்போயிருந்தது. ஸ்தனிஸ்லாஸ் அவரை நிற்கவைத்து, மின்சிக்கனத்தில் தனிமனிதனின் பங்கு பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். கோதண்டபாணி வெளியே வரும்போது, “சார் முன்னைவிடத் தெளிவா இருக்காரு மேடம்” என்றார்.

அன்று நாலு மணிக்குப் பிலோமினா எதிரே போய் உட்கார்ந்தாள்.

“மீன்காரி இன்னைக்கு வரலைங்க.”

“மீன்னதும் ஞாபகம் வருது. தொண்ணூத்தி எட்டுல மீன்வளத் துறை அமைச்சர் வந்தப்போ யாரு லைன் கொடுத்தது? நான். யாரு பேரு பேப்பர்ல வந்துச்சு?”

அவள் காத்திருந்தாள். அது முடிந்ததும், “முட்டி வலி அதிகமாயிருக்கு” என்றாள்.

“வலி எனக்கும்தான். தகுதி இல்லாதவன் மேலே போறதைப் பார்க்கிற வலி.”

மறுநாளும் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாளும். முன்பெல்லாம் இரைச்சலுக்கு நடுவே ஒரு சந்து இருந்தது. இப்போது சந்தே இல்லாமல் சுவர் எழுப்பியிருந்தது. அஞ்சு வாட் மனிதன் பதினாலு வாட் மனிதனைவிட அதிகம் பேசினான். பேச்சை இடைமறிக்க உள்ளே யாரும் பாக்கியில்லை. ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் காபியைச் சமையலறையிலேயே நின்றுகொண்டு குடித்தாள்.

ஜெசிந்தா போனில், “அம்மா, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்றாள்.

“ஒண்ணும் இல்லை.”

“அம்மா.”

“ஒண்ணும் இல்லைடி.” பிறகு, போனை வைக்கப் போகிற நேரத்தில், “அந்த மைக்குன்னு சொன்னியே. அதைத் திரும்பப் போட முடியுமா?”

“எதுக்கும்மா?”

பிலோமினா சொன்னாள். சொல்ல நேரம் பிடித்தது. ஜெசிந்தா அடுத்த பஸ்ஸில் ஏறி வந்துவிட்டாள்.

வந்து பார்த்ததில் தெரிந்தது: செவிமடுத்தல் தனியாக ஓடாது. அதற்குப் பொறுமை ஓட வேண்டும், நேற்றுச் சொன்னது நினைவிருக்க வேண்டும், எதிரே இருப்பவர் முகத்தைப் பார்க்கிற ஒன்று ஓட வேண்டும். நிறுத்திய பொடிகளில் பத்துப் பதினைந்து, விட்டுக்கொடுத்தல் உட்பட, சேர்ந்து எழுந்தால்தான் அது எழும்.

“ஒருத்தர் சொல்றதைக் கேட்கறதுக்கு இவ்வளவு சாமான் வேணும்னு எனக்கே இப்பத்தான்மா தெரியுது. அரை வாட்டுக்கு மேல ஆகும். இடம் இல்லை. பெருசு ஏதாவது ஒண்ணை நிறுத்தணும்.”

கேட்டுப் பார்த்தார்கள். பதவிப்பெயர்? முடியாது. ஏற்புரை? முடியாது. நீதி? “நீதியையா நிறுத்தச் சொல்றே? என் மகளா நீ?”

“அப்பா, அம்மாவுக்காகப்பா.”

“உங்கம்மாவுக்கு என்ன குறை? கேட்டியா அவளை? ஒரு நாளாவது ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்காளா?”

ஜெசிந்தா எழுந்து பால்கனிக்கு வந்தாள். “தப்பு என்னோடதும்மா. விட்டுக்கொடுத்தலை நிறுத்திட்டு, விட்டுக்கொடுங்கன்னு கேட்டுக்கிட்டிருக்கேன். எதை வெச்சு விட்டுக்கொடுப்பாரு? அந்த ஆளு உள்ளே இல்லை.”

பிலோமினா கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். கோதண்டபாணி, தண்ணீர் லாரிக்காரனுக்கு ஒழுங்குமுறை விதிகளை வாசித்துக்காட்டிக்கொண்டிருந்தார்.

“இருக்கற ஆளை வெச்சுத்தான் குடும்பம் நடத்தணும்” என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள்.

கோதண்டபாணியிடம் அவள் அதிகம் பேசவில்லை. அஞ்சு வாட்டுக்குள் அடங்கிய முன்மாதிரித் தங்கல் என்று இவருக்கு ஒரு பாராட்டு விழா வைத்தால் என்ன, தலைமை நீங்கள்தான் தாங்க வேண்டும் என்றாள். கோதண்டபாணி முதலில் கூச்சப்பட்டார். பிறகு தலைமையுரைக்கு ஒரு மணி நேரம் போதுமா என்று கவலைப்பட ஆரம்பித்தார்.

மேலே வந்து கணினி முன் நின்றாள். “ஏங்க. ஞாயித்துக்கிழமை உங்களுக்கு விழா. பொன்னாடை, மைக் செட் எல்லாம் உண்டாம்.”

“அழைப்பிதழ்ல என்ன போட்டிருக்கான்?”

“செயற்பொறியாளர்.”

“ம்.”

“ஏற்புரைதான் இடிக்குது. புதுசா ஒண்ணு தயார் பண்ணணும். பழசு ஓடிக்கிட்டிருந்தா புதுசுக்குக் கரண்ட் இல்லையாம். போன தடவை பேசினதையே பேசினா நாலு பேர் சிரிப்பாங்க.”

“யாரு சிரிப்பா? அந்தோணிராஜா?”

“அவரையும் கூப்பிட்டிருக்காங்க.”

அது பொய். முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரிடம் சொன்ன முதல் பொய் இதுதானா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, அவர் கவனித்திருந்தால்தானே.

“ஏற்புரை. நிறுத்துவதில் ஆட்சேபம் உண்டா?” என்றது டோக்கன் குரல்.

ஸ்தனிஸ்லாஸ் வாயைத் திறக்கவில்லை. உள்ளே புதுப் பேச்சுக்கு முதல் வரி ஓடிக்கொண்டிருந்திருக்கும்.

“நிறுத்தப்பட்டது.”

மீட்டர் நாலுக்கு இறங்கியது. ஜெசிந்தாவின் விரல்கள் பறந்தன. பொடிப்பொடியாக ஒவ்வொன்றும் எழுந்தது. நாலு புள்ளி ஏழில் வந்து நின்றது.

கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது.

“பிலோ” என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

“ம்.”

“இந்தப் பத்து நாளும் நான் பேசினதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு. உனக்குத் தலை வலிக்கலையா?”

“வலிச்சுது.”

“சொல்லியிருக்கலாமே.”

அவரே தொடர்ந்தார். “ஜெசி இருக்காளா? ஜெசி, அந்தப் பதவிப்பெயர்ல ஒண்ணு ஓடுதே, அதை எடுத்துடு. நீதியையும் எடு. அந்தோணிராஜ் பாவம். அவனும் ரெண்டு பைபாஸ் பண்ணிக்கிட்டவன். இன்னும் என்னென்ன இருக்கு? வாசி.”

ஜெசிந்தா வாசித்தாள். ஒவ்வொன்றுக்கும், “எடுத்துடு” என்றார். கிளப் தேர்தல் தோல்வி போயிற்று. சம்பந்தி வீட்டார் பந்தியில் இடம் மாற்றி உட்காரவைத்தது போயிற்று. மீட்டர் மூன்றுக்கு வந்தது, இரண்டுக்கு வந்தது. அவர் குரலும் கூடவே இறங்கிக்கொண்டு வந்தது.

“செவிமடுத்தலும் அது கூட இருக்கறதும்தான்ப்பா பாக்கி.”

“அதையும் எடுத்துடும்மா. உங்கம்மா எவ்வளவு நாள்தான் ஒரு பெட்டிக்குக் காவல் இருப்பா? அவ தூங்கட்டும்.”

“செவிமடுத்தல் தொகுப்பு. நிறுத்துவதில் ஆட்சேபம் உண்டா?”

ஜெசிந்தா அம்மாவைப் பார்த்தாள்.

“முடியாது” என்றாள் பிலோமினா.

கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டாள். திருஇருதய ஆண்டவர்கூட ஒருகணம் ஸ்தனிஸ்லாஸா பேசினார் என்று நினைத்திருப்பார். கணினி யார் குரல் என்றெல்லாம் பார்க்கவில்லை.

“ஆட்சேபம் ஏற்கப்பட்டது.”

ஜெசிந்தா திரையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். “வீட்டு ஆளு யாரு சொன்னாலும் எடுத்துக்குதா இது? அம்மா, அப்போ நீ முதல் நாளே சொல்லியிருந்தா போதுமே.”

“ம்” என்றாள் பிலோமினா. “போதும்தான்.”

ஞாயிற்றுக்கிழமை விழாவை நிறுத்த வழியில்லை. பொன்னாடை வாங்கியாகிவிட்டது. சங்கக் கூடத்தில் கணினியை நடு மேசையில் வைத்து வயரைச் செருகினார்கள். பொன்னாடையைப் போர்த்தியதில் காற்றுப்போகும் துளை அடைத்துக்கொள்ள, ஜெசிந்தா ஓடிவந்து விலக்கினாள். கோதண்டபாணி ஒரு மணி பத்து நிமிடம் தலைமையுரை ஆற்றினார். நடுவில் எங்கோ தன் தம்பி பெயர் வந்து, சட்டென்று பேச்சைத் தண்ணீர்த் தொட்டிக்கு மாற்றிக்கொண்டார். அதை யாரும் கவனிக்கவில்லை. பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

“இப்போது விழா நாயகரின் ஏற்புரை.”

மைக்கைக் கணினியருகே கொண்டுபோனார்கள். கூட்டம் நிமிர்ந்து உட்கார்ந்தது. ஸ்தனிஸ்லாஸ் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும்.

“எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லைங்க” என்றார் ஸ்தனிஸ்லாஸ். “நீங்க பேசினதைக் கேட்டுக்கிட்டிருந்தேன். கோதண்டபாணி, தம்பி பேரைச் சொல்லிட்டு நிறுத்திட்டீங்களே. அப்புறம்?”

கோதண்டபாணி மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். கூடத்தில் ஒருத்தர் இருமினார். அப்புறம் கோதண்டபாணி சொல்ல ஆரம்பித்தார். அதில் அரசாணை எதுவும் இல்லை. மனைப் பாகப்பிரிவினை இருந்தது, கன்னத்தில் விழுந்த ஒரு அடி இருந்தது, பதினேழு வருஷம் பேசாமல் இருந்தது இருந்தது. நாலாவது மாடி மாமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை நாலு மணிக்குப் பிலோமினா காபியோடு கூடத்துக்கு வந்தாள். கணினிக்கு எதிரே கோதண்டபாணி உட்கார்ந்திருந்தார். தம்பி கதையில் இன்னும் மிச்சம் இருந்தது. சோபாவில் மாமி தன் முறைக்குக் காத்திருந்தார். அவர் பக்கத்தில், தற்செயலாக வந்ததுபோல ஒரு பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு ஃபாதர் அமலதாஸ். ஆயுசு முழுக்கப் பிறர் தங்கள் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டவர். அவருக்கும் சொல்வதற்கு ஏதோ இருந்திருக்கும்.

பிலோமினா உள்ளே போய் இன்னும் மூன்று காபி போட்டுக்கொண்டு வந்தாள். பழக்கம். எல்லோருக்கும் கொடுத்தாள். தன் டம்ளரோடு கோதண்டபாணியின் பக்கத்தில் வந்து நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். அவர் பேசிக்கொண்டே இருந்தார். முழங்கால் வலித்தது.

“எந்திரிங்க சார்” என்றாள்.

“மேடம்?”

“எந்திரிங்க. நான் உட்காரணும்.”

“ஒரே அஞ்சு நிமிஷம் மேடம், இந்த வக்கீல் நோட்டீஸ் விஷயத்தை மட்டும் சாருகிட்டே...”

“முடியாது.”

கோதண்டபாணி எழுந்தார். சோபாவில், யாரும் சொல்லாமலே, ஃபாதர் அமலதாஸ் காபியை ஒரே மடக்கில் முடித்துவிட்டுச் செருப்பைத் தேட ஆரம்பித்தார்.